பிரிட்ஜ் கேள்வி-பதில்: பார்ட்னரோடு பேசிவைத்துக்கொள்ள வேண்டியவை

காண்ட்ராக்ட் பிரிட்ஜில் ஏலத்திலும் சீட்டு இறக்குவதிலும் கையாளும் கன்வென்ஷன்கள் (ஒரு கேள்விக்கோ சீட்டுக்கோ பார்ட்னர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அர்த்தங்கள்) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை, நம் கிளப்புகளில் பரவலாக ஆடும் முறைதான். 1 ஹார்ட், 1 ஸ்பேடு என்று தொடங்க ஐந்து சீட்டு வேண்டும். 1 நோட்ரம்ப் (துருப்பு இனம் இல்லாத ஆட்டம்) என்றால் 15 முதல் 17 புள்ளி. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. நாலு இனங்களில் ஸ்பேடும் ஹார்ட்டும் மேஜர், டைமண்டும் கிளப்பும் மைனர்.

கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்த பார்ட்னர் நாலு பக்கத்துக்குக் கன்வென்ஷன் பட்டியல் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?
— கோவை வாசகர்

வேண்டாம். ஏலத்துக்கு ஆறு போதும்: ஸ்டேமன், ட்ரான்ஸ்ஃபர், டேக்அவுட் டபுள், நெகட்டிவ் டபுள், பலவீன 2, பிளாக்வுட்டின் கீகார்டு வடிவம். தற்காப்புக்கு லீட் (முதல் சீட்டு இறக்கும்) முறை ஒன்று, சிக்னல் மூன்று. இவ்வளவையும் இருவரும் தடுமாறாமல் ஆடினால் கிளப் போட்டியில் பாதிப் பேருக்கு மேலே நிற்கலாம்.

காரணம் கேளுங்கள். ஏலத்தில் சொல்லக்கூடிய கேள்விகள், அதாவது பிட்கள், மொத்தம் 35, அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். ஆக நம்மிடம் இருப்பது 38 சொற்கள். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகளோ 63,501 கோடிக்கு மேல். இத்தனை குறைவான சொற்களில் ஒன்றுக்குப் புது அர்த்தம் கொடுத்தால், அதன் பழைய அர்த்தம் போய்விடும். 1 நோட்ரம்ப்புக்கு 2 கிளப்பை ஸ்டேமனாக ('நாலு சீட்டு மேஜர் உண்டா' என்று கேட்பதாக) வைத்துக்கொண்டால் 'எனக்குக் கிளப் நிறைய இருக்கிறது, 2 கிளப்பிலேயே நிறுத்து' என்று சொல்ல முடியாது. அந்தத் தேவை எப்போதோ ஒருமுறை வருவது. மேஜரில் நாலுக்கு நாலு பொருத்தம் தேடுவதோ உட்காரும் ஒவ்வொரு நாளும் வரும். அதனால் இந்த மாற்று லாபமே.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இப்படி எடைபோடுங்கள். எத்தனை தடவை வரும்? எதைக் கொடுத்து இதை வாங்குகிறோம்? எதிராளி நடுவில் புகுந்தால் என்ன, பதில் வந்த பிறகு அடுத்த சுற்று என்ன? மூன்றாவது கேள்விக்கு உங்கள் இருவரிடமிருந்தும் ஒரே பதில் வராத கன்வென்ஷனை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். கன்வென்ஷனால் வரும் நஷ்டம் பெரும்பாலும் அந்த இரண்டாவது சுற்றில்தான் வருகிறது.

பார்ட்னர் 1 நோட்ரம்ப். என்னிடம் நாலு ஸ்பேடு, 6 புள்ளி. ஸ்டேமன் என்று 2 கிளப் சொன்னேன். அவர் 2 டைமண்ட். வேறு வழியில்லாமல் 2 நோட்ரம்ப் சொல்லி இரண்டு பிடி (வெல்ல வேண்டிய சுற்று) குறைந்து விழுந்தோம். எங்கே தவறு?
— திருச்சி வாசகி

முதல் கேள்வியிலேயே. 6 புள்ளியோடு அவருடைய அதிகபட்சமான 17-ஐச் சேர்த்தாலும் 23 தான். கேமுக்கு (போனஸ் தரும் 3 நோட்ரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேடு போன்ற காண்ட்ராக்ட்டுக்கு) இருவருக்கும் சேர்த்து 25 வேண்டும். அந்தக் கைக்கு 1 நோட்ரம்ப்பில் பாஸ் சொல்வதே சரி. நாலு சீட்டு மேஜர் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் ஸ்டேமனுக்குப் போதாது. எந்தப் பதில் வந்தாலும் அடுத்து என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 8 புள்ளி தேவை.

பதில்கள் மூன்றே. நாலு சீட்டு மேஜர் இல்லை என்றால் 2 டைமண்ட், நாலு ஹார்ட் இருந்தால் 2 ஹார்ட், ஸ்பேடு மட்டும் இருந்தால் 2 ஸ்பேடு. இரண்டு மேஜரும் இருந்தால் முதலில் ஹார்ட்டைச் சொல்வது வழக்கம். பொருத்தம் கிடைக்காவிட்டால் 8, 9 புள்ளிக்கு 2 நோட்ரம்ப், 10-லிருந்து 15 வரை 3 நோட்ரம்ப். கிடைத்தால் 8, 9-க்கு மூன்றுக்கு ஏற்றுங்கள், 10-க்கு மேல் நேராக நாலுக்குப் போங்கள்.

பலர் தவறவிடும் இடம் இது. 1 நோட்ரம்ப் தொடங்கியவர் கை: ஸ்பேடில் ஏஸ், ராணி, 8, 4, ஹார்ட்டில் ராஜா, ஜாக்கி, 7, 3, டைமண்டில் ஏஸ், 6, 2, கிளப்பில் ராஜா, 5. பார்ட்னர் கை: ஸ்பேடில் ராஜா, 10, 7, 2, ஹார்ட்டில் 9, 6, டைமண்டில் ராஜா, ராணி, 8, 5, கிளப்பில் ராணி, 8, 4. ஏலம் 1 நோட்ரம்ப், 2 கிளப், 2 ஹார்ட், 3 நோட்ரம்ப் என்று போகிறது. தொடங்கியவர் இங்கே பாஸ் சொல்லக் கூடாது. பார்ட்னரிடம் மேஜரே இல்லையென்றால் 2 கிளப் கேட்டிருக்க மாட்டார். ஹார்ட் இருந்தால் ஹார்ட்டை ஏற்றியிருப்பார். ஆகவே அவரிடம் இருப்பது நாலு ஸ்பேடு. 4 ஸ்பேடுக்கு மாற்றுவதுதான் சரி.

இரண்டு விதிவிலக்கு. 4-3-3-3 அமைப்பில் வெட்டுவதற்குக் குறைந்த சீட்டு இனமே இல்லாததால், நாலு மேஜர் இருந்தாலும் பல சமயம் நேராக 3 நோட்ரம்ப்பே நல்லது. இன்னொன்று நேர்மாறு. புள்ளியே இல்லாமல் ஸ்பேடு 4, ஹார்ட் 4, டைமண்ட் 4, கிளப் 1 என்று வந்தால் 2 கிளப் சொல்லலாம். எந்தப் பதில் வந்தாலும் பாஸ் செய்துவிடுவீர்கள். அடுத்த சுற்று என்று ஒன்று அங்கே கிடையாது.

என் 1 நோட்ரம்ப்புக்குப் பார்ட்னர் 2 டைமண்ட் சொன்னார். ட்ரான்ஸ்ஃபர் என்பது மறந்துபோய் பாஸ் செய்துவிட்டேன். ஒற்றை டைமண்டோடு அவர் ஆட வேண்டியதாயிற்று. இவ்வளவு ஆபத்துக்கு ஈடான லாபம் அதில் இருக்கிறதா?
— மதுரை வாசகர்

நிச்சயமாக இருக்கிறது. ஒரே ஒரு கன்வென்ஷன்தான் கற்பீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் ஊலே வில்னர் 1950-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி எழுதினார். 1956-ல் ஆஸ்வால்டு ஜேகபி அமெரிக்காவில் பரப்பினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1 நோட்ரம்ப்புக்கு 2 டைமண்ட் என்றால் ஐந்து ஹார்ட், 2 ஹார்ட் என்றால் ஐந்து ஸ்பேடு. தொடங்கியவர் அதற்கு மேலுள்ள இனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு லாபம், பலமான கை மூடியே இருக்கும். ஏஸும் ராணியும், ராஜாவும் ஜாக்கியும் உள்ள கையை நோக்கி முதல் லீட் வரும். அதே கை டம்மியாக மேசையில் விரிந்தால் எதிராளி அதன் ஊடாக இறக்கி ராஜாவைப் பிடித்துவிடுவார். இரண்டாவது லாபம் அதைவிடப் பெரியது. பதில் சொல்பவருக்கு இன்னொரு முறை பேச வாய்ப்புக் கிடைக்கிறது. பூஜ்ய புள்ளியோ 15 புள்ளியோ, இரண்டும் 2 டைமண்டிலேயே தொடங்கலாம். 2 ஹார்ட் வந்ததும் பலவீனக் கை பாஸ் சொல்லும். 8, 9 புள்ளியும் சரியாக ஐந்து ஹார்ட்டும் உள்ள கை 2 நோட்ரம்ப். அதே புள்ளியில் ஆறு ஹார்ட் என்றால் 3 ஹார்ட். 10-க்கு மேல், ஐந்து ஹார்ட் என்றால் 3 நோட்ரம்ப்; அதற்குத் தொடங்கியவர் மூன்று ஹார்ட் இருந்தால் 4 ஹார்ட்டுக்கு மாற்றுவார், இரண்டே இருந்தால் விட்டுவிடுவார். ஆறு ஹார்ட்டோடு கேம் புள்ளி என்றால் நேராக 4 ஹார்ட்.

தொடங்கியவர் கட்டளையை மீறித் தாவ ஒரே ஒரு அனுமதி உண்டு. அந்த இனத்தில் நாலு சீட்டும் 17 புள்ளியும் இருந்தால் 3 ஹார்ட் சொல்லலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் 2 ஹார்ட் தான். பார்ட்னரிடம் புள்ளியே இல்லாமல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மறதிக்கு மருந்து: மேசையில் நோட்ரம்ப் தொடக்கம் விழுந்ததுமே, பதில் வருவதற்கு முன், 'டைமண்ட் என்றால் ஹார்ட், ஹார்ட் என்றால் ஸ்பேடு' என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். பதில் வந்த பிறகு யோசித்தால் கை தன் பாட்டுக்கு பாஸ் அட்டையை எடுத்துவிடும்.

எங்கள் 1 நோட்ரம்ப்புக்கு மேலே எதிராளி ஏதாவது சொல்லிவிட்டால்?
— அதே வாசகர்

எளிய ஏற்பாடு: டபுள் சொன்னால் எதுவும் மாறாது, ஸ்டேமனும் ட்ரான்ஸ்ஃபரும் அப்படியே. 2 கிளப் சொன்னால் உங்கள் டபுள் ஸ்டேமன், மற்றவை அப்படியே. 2 டைமண்டோ அதற்கு மேலோ சொன்னால் எல்லாம் ரத்து, சொன்ன இனம் கையில் உண்மையாகவே இருக்கிறது.

கிளப் துருப்பு என்று முடிவான பிறகு, ஏஸ் எத்தனை என்று அறிய 4 நோட்ரம்ப் கேட்டேன். பார்ட்னர் 5 டைமண்ட். ஒரு ஏஸும் இல்லை என்று அர்த்தம். 5 கிளப்பைத் தாண்டியாகிவிட்டது. 6 கிளப்பில் இரண்டு குறைந்து விழுந்தோம்.
— சேலம் வாசகர்

ஈஸ்லி பிளாக்வுட் 1933-ல் அமைத்துக் கொடுத்த கேள்வி இது. இன்று பெரும்பாலோர் ஆடுவது அதன் கீகார்டு வடிவம். நாலு ஏஸோடு துருப்பு ராஜாவையும் சேர்த்து ஐந்து கீகார்டு. 5 கிளப் என்றால் ஒன்று அல்லது நாலு, 5 டைமண்ட் என்றால் ஒன்றுமில்லை அல்லது மூன்று, 5 ஹார்ட் என்றால் துருப்பு ராணி இல்லாமல் இரண்டு, 5 ஸ்பேடு என்றால் ராணியோடு இரண்டு. முதல் இரண்டு பதிலுக்குப் பிறகு, துருப்பு அல்லாத அடுத்த படியைச் சொன்னால் 'ராணி உண்டா' என்ற கேள்வி. 5 நோட்ரம்ப் சொன்னால் ஐந்தும் நம்மிடமே என்ற உறுதியோடு ராஜாக்களைக் கேட்பதாகும்.

துருப்பு எவ்வளவு கீழான இனமோ அவ்வளவு இடம் குறைவு. ஸ்பேடு துருப்பென்றால் எந்தப் பதிலும் 5 ஸ்பேடைத் தாண்டாது. கிளப் துருப்பென்றால் நாலில் மூன்று பதில்கள் தாண்டிவிடும். 'ஒன்றுமில்லை' என்ற பதிலைத் தாங்க உங்கள் கையிலேயே நாலு கீகார்டு வேண்டும். அது இல்லையென்றால் கேட்காதீர்கள். இந்தத் தொல்லைக்காகவே, மைனரில் பொருத்தம் கிடைத்ததும் 4 கிளப்பையோ 4 டைமண்டையோ கீகார்டு கேள்வியாக வைத்துக்கொள்ளும் ஜோடிகள் உண்டு.

கேள்வி தவறாகப் போகும் இன்னோர் இடமும் உண்டு. ஹார்ட் துருப்பு, உங்கள் கை: ஸ்பேடில் ஏஸ், 5, ஹார்ட்டில் ராஜா, ராணி, 9, 8, 4, டைமண்டில் ராஜா, ராணி, 10, 6, கிளப்பில் 7, 2. கேட்கிறீர்கள், 'இரண்டு' என்று வருகிறது. மொத்தம் நாலு. ஒரு ஏஸ்தானே இல்லை என்று 6 ஹார்ட் சொல்லத் தோன்றும். இல்லாதது டைமண்ட் ஏஸ் என்றால் சரி, ஒரு பிடியோடு போகும். இல்லாதது கிளப் ஏஸ் என்றால்? கிளப் ராஜாவும் எதிராளியிடம் இருந்தால், முதல் இரண்டு பிடியும் அங்கேயே போய்விடும். பிளாக்வுட் எண்ணிக்கையைச் சொல்லும், எந்த ஏஸ் என்று சொல்லாது. ஏதாவது ஓர் இனத்தில் இரண்டு சிறு சீட்டு மட்டும் வைத்திருப்பவர் முதலில் கேட்கக் கூடாது. நாலாம் படியில் கியூ பிட் மூலம் எந்த இனத்தில் ஏஸோ ராஜாவோ இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும். ஓர் இனம் கையில் அறவே இல்லாதவருக்கும் இதே விலக்கு. பார்ட்னரின் ஏஸ் அந்த இனத்திலேயே இருந்தால் அதற்குப் பயன் குறைவு.

1 நோட்ரம்ப்புக்கு நேராக 4 நோட்ரம்ப் சொல்வது பிளாக்வுட் அல்ல. 'நீங்கள் 17 என்றால் 6-க்குப் போங்கள், 15 என்றால் நில்லுங்கள்' என்ற அழைப்பு. 6 நோட்ரம்ப்புக்கு 33 புள்ளி என்ற கணக்கில் 16 புள்ளிக் கைக்கு ஏற்றது. அங்கே ஏஸ் கேட்க வேண்டுமானால் 4 கிளப். ஜான் ஜெர்பர் 1938-ல் கொண்டுவந்தது. 4 டைமண்ட் என்றால் ஒன்றுமில்லை அல்லது நாலு, அங்கிருந்து படிக்கு ஒன்று.

டபுள் என்றால் எப்போது தண்டனை, எப்போது 'நீ பேசு' என்று அர்த்தம்?
— யாழ்ப்பாண வாசகி

கீழ்ப்படியில் எதிராளி இனம் சொல்லி, நம் பார்ட்னர் இன்னும் வாயே திறக்காதபோது சொல்லும் டபுள் டேக்அவுட். 12 புள்ளிக்கு மேல், எதிராளி சொன்ன இனத்தில் குறைவு, மற்ற மூன்றிலும் குறைந்தது மூன்று சீட்டு. பார்ட்னர் பேசியே ஆக வேண்டும், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும். 8 புள்ளி வரை கீழ்ப்படியில் சொல்லலாம், 9 முதல் 11 வரை ஒரு படி தாவ வேண்டும், 12-க்கு மேல் எதிராளியின் இனத்தையே சொல்லிக் கேமுக்கு இழுக்கலாம். 'புள்ளியில்லை' என்று பாஸ் செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எதிராளி 1 ஹார்ட்டை டபுளோடு சுகமாக ஆடி முடிப்பார். பாஸ் செய்ய அவர் இனத்தில் நீளமும் பலமும் வேண்டும்.

நெகட்டிவ் டபுள் வேறு. நம் பார்ட்னர் ஏலத்தைத் தொடங்கி, நடுவில் எதிராளி புகுந்த பிறகு சொல்வது. ஆல்வின் ராத்தும் டோபயஸ் ஸ்டோனும் 1957-ல் கொண்டுவந்தார்கள். ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் ஏறிய ஆண்டு என்பதால் 'ஸ்புட்னிக் டபுள்' என்றே பெயர் வந்தது. பார்ட்னர் 1 டைமண்ட், எதிராளி 1 ஸ்பேடு, உங்களிடம் நாலு ஹார்ட்டும் 8 புள்ளியும். 2 ஹார்ட் சொல்ல ஐந்து சீட்டும் இன்னும் பலமும் வேண்டும். டபுள் அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஒன்றாம் படியில் 6 புள்ளி, இரண்டாம் படிக்கு 8, மூன்றாம் படிக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்னர் 1 கிளப், எதிராளி 1 ஹார்ட் என்றால் இன்னும் துல்லியம்: டபுள் சரியாக நாலு ஸ்பேடு, 1 ஸ்பேடு ஐந்து.

'அப்படியானால் அவர்கள் இனம் என் கையில் குவிந்திருந்தால் தண்டிக்க முடியாதா' என்று கேட்பீர்கள். முடியும். பாஸ் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த இனத்தில் குறைவாக உள்ள பார்ட்னர் தன் முறை வரும்போது டபுள் சொல்லி ஏலத்தைத் திறந்து வைக்க வேண்டும், அப்போது நீங்கள் மறுபடி பாஸ். இந்தக் கடமையைப் பார்ட்னர் ஏற்காவிட்டால் நெகட்டிவ் டபுள் பாதிக் கருவிதான்.

பலவீன 2 எப்போது?
— சென்னை வாசகர்

ஏலத்தை இரண்டாம் படியில் தொடங்கும் இந்தக் கேள்விக்கு ஆறு சீட்டு, 6 முதல் 10 புள்ளி, அந்தப் புள்ளியில் பெரும்பகுதி அந்த இனத்திலேயே. ராஜா, ராணி, 10, 8, 6, 3 நல்ல 2 ஹார்ட். ஜாக்கி, 7, 5, 4, 3, 2 வைத்துக்கொண்டு பக்கத்தில் இரண்டு ஏஸ் இருந்தால் அது 2 ஹார்ட் அல்ல. பார்ட்னர் லீட் செய்வதும் தவறாகும், எதிராளியைத் தண்டிக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள். சொன்ன பிறகு பார்ட்னர் கேட்டாலொழிய மறுபடி வாய் திறக்காதீர்கள். 2 கிளப்பை மட்டும் 22-க்கு மேற்பட்ட பெரிய கைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஏலத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். தற்காப்பில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். குறைந்தபட்சம் எதைப் பேசி வைத்துக்கொள்வது?
— தஞ்சை வாசகர்

இதைக் கேட்டதற்கு நன்றி. சராசரியாகப் பார்த்தால் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் நீங்கள் தற்காப்பில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பிடிகள் அதிகம் நழுவுவதும் அங்கேதான்.

முதலில் லீட். தொடர்ச்சியாக இருந்தால் உச்சிச் சீட்டு: ராஜா, ராணி, ஜாக்கி என்றால் ராஜா. இரண்டே சீட்டு என்றால் பெரியது. நோட்ரம்ப்புக்கு எதிராக, தொடர்ச்சியில்லாத நீண்ட இனத்தில் மேலிருந்து நாலாவது. துருப்பு ஆட்டத்தில் ஏஸை வைத்துக்கொண்டு அதே இனத்தில் சிறு சீட்டை இறக்காதீர்கள். எதிராளியின் ஒற்றை ராஜா பிடி எடுத்துவிட்டால் ஏஸை அடுத்த சுற்றில் துருப்பால் வெட்டிவிடுவார்.

நாலாவது சீட்டின் முழுப்பயன் பதினொன்று விதியில் இருக்கிறது. பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டக் காலத்திலேயே ஆர். எஃப். ஃபாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. இறக்கிய சீட்டின் எண்ணைப் 11-லிருந்து கழித்தால், அதைவிடப் பெரிய சீட்டு மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து எத்தனை என்று தெரியும். பார்ட்னர் 6 இறக்குகிறார். 11-ல் 6 போனால் 5. டம்மியில் ராஜா, 9, 3. உங்கள் கையில் ஏஸ், ஜாக்கி, 8. டம்மியில் 6-க்கு மேல் இரண்டு, உங்களிடம் மூன்று. ஐந்தும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. டிக்ளேரரிடம் (காண்ட்ராக்ட்டை ஆடுபவரிடம்) 6-ஐ வெல்லும் சீட்டு ஒன்றுகூட இல்லை. டம்மியிலிருந்து 3 விழுந்தால் நீங்கள் 8 போட்டாலே பிடி உங்களுக்கு. ஏஸும் ஜாக்கியும் டம்மியின் ராஜா, 9-க்கு மேலே உட்கார்ந்து காத்திருக்கும், பார்ட்னர் உள்ளே வந்து மறுபடி இறக்கும்வரை. பழக்கத்தில் ஏஸைப் போட்டவர் டம்மியின் ராஜாவுக்கு ஒரு பிடியைத் தானமாகக் கொடுக்கிறார். எதிர்ப்பக்கமும் இந்தக் கணக்கைப் போடும் என்பது உண்மைதான். ஆனாலும் பார்ட்னருக்குக் கிடைக்கும் லாபமே அதிகம்.

அடுத்து சிக்னல். மூன்றுக்கும் வரிசை முக்கியம், ஒரே சீட்டு மூன்று செய்தி சொல்ல முடியாது.

பார்ட்னர் இறக்கிய இனத்தில் முதல் செய்தி விருப்பம். பெரிய சீட்டு 'தொடரு', சிறியது 'வேண்டாம்'. டிக்ளேரர் இறக்கிய இனத்தில் எண்ணிக்கை. முதலில் பெரியது, அப்புறம் சிறியது என்றால் இரட்டைப்படை. சிறியதில் தொடங்கினால் ஒற்றைப்படை. விருப்பமும் எண்ணிக்கையும் ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் இடத்தில் மட்டும் இனத்தேர்வு. 1934-ல் ஹை லவிந்தால் முன்வைத்தது.

எண்ணிக்கைக்கு ஓர் இடம். 3 நோட்ரம்ப். டம்மியில் டைமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5, வேறு இனத்தில் டம்மிக்குள் போக வழியே இல்லை. உங்களிடம் டைமண்ட் ஏஸ், 7, 3. டிக்ளேரர் டைமண்ட் இறக்குகிறார். ஏஸை எப்போது எடுப்பது? பார்ட்னர் 2 போட்டால் ஒற்றைப்படை. மிச்சமிருந்த ஐந்தில் அவரிடம் மூன்று என்று கொண்டால் டிக்ளேரரிடம் இரண்டு. முதல் சுற்றை விட்டு இரண்டாவதில் எடுங்கள். பார்ட்னர் 8 போட்டால் அவரிடம் இரண்டு, டிக்ளேரரிடம் மூன்று. இரண்டு சுற்று விட்டு மூன்றாவதில் எடுங்கள். ஒரு சுற்று முந்தினால் மீதி டைமண்ட் முழுவதும் ஓடும், ஒரு சுற்று பிந்தினால் ஒரு பிடி வீண். அந்தக் கணக்கைத் தீர்ப்பது பார்ட்னர் போடும் ஒரு 2 அல்லது 8 தான்.

இனத்தேர்வுக்கு வரும் வழக்கமான இடம், பார்ட்னருக்கு வெட்டக் கொடுக்கும்போது. ஸ்பேடு துருப்பு. பார்ட்னர் ஒற்றை ஹார்ட் இறக்க, நீங்கள் ஏஸில் எடுத்து ஹார்ட்டைத் திருப்புகிறீர்கள், அவர் வெட்டுவார். அப்புறம் உங்களுக்கு எதில் இறக்குவது? துருப்பையும் ஹார்ட்டையும் நீக்கினால் மீதி டைமண்ட், கிளப். பெரிய ஹார்ட்டைத் திருப்பியிருந்தால் டைமண்ட், சிறியதைத் திருப்பியிருந்தால் கிளப். நீங்கள் உள்ளே வந்ததும் இன்னொரு ஹார்ட், இன்னொரு வெட்டு.

கெடுப்பது எது? ஒன்று, சீட்டை ஒப்பிடாமல் படிப்பது. 5 பெரியதா சிறியதா என்பது 5-ல் எழுதியிருக்காது. 2, 3, 4 எங்கே என்று பாருங்கள். மூன்றும் கண்ணில் படாவிட்டால் 5 பெரியதாகத்தான் இருக்கும். இரண்டு, பிடி எடுக்கக்கூடிய சீட்டைச் சிக்னலுக்கு எறிவது. ராஜா, 10, 2 வைத்துக்கொண்டு 'தொடரு' என்று சொல்ல 10-ஐப் போட்டால், அந்த 10 பின்னால் ஒரு பிடியாக இருந்திருக்கலாம். இதனால்தான் பல ஜோடிகள் விருப்பத்தைத் தலைகீழாக்கி, சிறியது 'தொடரு' என்று ஆடுகிறார்கள். எங்கள் ஓட்டும் அதற்கே. ஆனால் பழைய முறை கைவந்தவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், ஒருவர் மாறி ஒருவர் மாறாமல் ஆடுவதைப் போன்ற நாசம் இல்லை. மூன்று, தயக்கம். யோசித்துப் போட்ட சீட்டு அதன் எண்ணைவிட அதிகம் சொல்லிவிடுகிறது. விதிப்படி அந்தக் கூடுதல் செய்தியைப் பார்ட்னர் பயன்படுத்தக் கூடாது.

எங்கள் கன்வென்ஷன்களை எதிராளிக்குச் சொல்லியே ஆக வேண்டுமா? பார்ட்னர் தவறாக விளக்கினால் நான் என்ன செய்வது?
— பெங்களூரு வாசகர்

சொல்லியே ஆக வேண்டும். பிரிட்ஜில் ரகசிய ஒப்பந்தத்துக்கு இடமே இல்லை. கன்வென்ஷன் அட்டை எழுதி மேசையில் வையுங்கள். செயற்கையான கேள்வி வந்ததும் அதைச் சொன்னவர் பேசக் கூடாது. அவருடைய பார்ட்னர் அலெர்ட் அட்டையைக் காட்ட வேண்டும், கேட்டால் விளக்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, நம் ஒப்பந்தம் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். எவற்றுக்கு அலெர்ட் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், தொடங்குமுன் அமைப்பாளரிடம் கேளுங்கள்.

2015-ல் சென்னையில் உலக பிரிட்ஜ் அணிகள் சாம்பியன்ஷிப் நடந்தது. அந்த மட்டத்தில் மேசைக்குக் குறுக்கே திரை போடுவார்கள். திரையின் ஒரே பக்கத்தில் உட்காருபவர்கள் எதிரெதிர் ஆட்டக்காரர்கள். உங்கள் கேள்விக்கு நீங்களே பக்கத்திலிருக்கும் எதிராளிக்கு எழுதி விளக்குவீர்கள், பார்ட்னர் காதில் எதுவும் விழாது. கிளப்பில் திரை கிடையாது. அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

நீங்கள் ட்ரான்ஸ்ஃபராகச் சொன்ன 2 டைமண்டைப் பார்ட்னர் 'டைமண்ட் இனம்' என்று விளக்குகிறார். அவர் மறந்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தகவலை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. அவர் சரியாகவே புரிந்துகொண்டார் என்று வைத்து மேலே ஏலம் சொல்லுங்கள். முகம் சுளிக்காதீர்கள், ஏலம் முடியும்வரை திருத்தாதீர்கள். உங்கள் பக்கம் காண்ட்ராக்ட்டை ஆடுவதானால், ஏலம் முடிந்து கடைசி பாஸ் விழுந்த பிறகு, எதிராளி முதல் சீட்டு இறக்குவதற்கு முன் டைரக்டரை (போட்டி நடுவரை) அழைத்து, அவர் முன்னால் எதிராளிக்குச் சரியான அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் தற்காப்புப் பக்கம் என்றால் ஆட்டம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். முன்பே சொன்னால் பார்ட்னருக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். கடைசிப் பிடி விழுந்ததும் டைரக்டரை அழையுங்கள். தவறாக விளக்கியவருக்கே நடுவில் நினைவு வந்துவிட்டால் சட்டம் வேறு. அவர் தற்காப்பில் இருந்தாலும் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே டைரக்டரை அழைத்துத் திருத்தலாம்.